பெட்டியிலேயே செத்த சப்பாத்து

குத்தூசி தோலைத் துளைத்து மறுபக்கம் தலைநீட்டியது. அதன் கொக்கியில் மெழுகு நூலை மாட்டி இழுத்து, விரலில் சுற்றி இன்னொரு முறை இறுக்கின கைகள். மடியில் இருந்தது பெண்கள் போடும் மலையேற்றச் சப்பாத்து. மேலே ஒரு கீறல் இல்லை. பழைய அடிப்பாகம் மட்டும் நமுத்த பிஸ்கட்டாக உதிர்ந்து மேசையெல்லாம் கிடந்தது.

காளிதாசன் மலேசியாவின் பாடாங் செராயில் சப்பாத்து தைப்பவர். பழுதானதைப் பிரித்துப் பார்த்தே தொழில் படித்தவர். இந்தச் சப்பாத்து அவர் மனைவி பிரேமாவதியுடையது. கூலிம் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் நாளைக் காலை குனோங் ஜெராய் மலை ஏறுகிறார்கள். வேலை ஷிப்டு குறுக்கே வராமல் அவளுக்கு வாய்த்த முதல் பயணம். காலுக்கு வேறு சப்பாத்தும் இல்லை.

வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். வெளிப்புற விளையாட்டுப் பத்திரிகை ஒன்று அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பனிமலையில் இரண்டு நாள் நடந்தார்களாம். வாழ்நாள் முழுக்க உழைக்குமாம். நம்பினார். பிரேமாவதியோ, புதுசை நல்ல காரியத்துக்குத்தான் போடவேண்டும் என்று பெட்டியோடு அலமாரிமேல் வைத்தாள். அங்கேயே வருஷங்கள் போயின. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அடி நுரை இற்றுப்போய், போடாத சப்பாத்துதான் முதலில் சாகும். அதைப் பத்திரிகையில் ஒருவரும் எழுதவில்லை.

தைக்க உட்காருமுன், காலையில் பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டிருந்தார். எடுத்த ஆள் மரியாதையாகத்தான் பேசினான்.

"நாங்க புதுசைத்தான் சார் டெஸ்ட் பண்ணுவோம். பழசானா எப்படி இருக்கும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம் வாழ்நாள்னு எழுதுனது யாரு வாழ்நாள், தம்பி?"

அந்த ஆள் புது மாடல் அடுத்த இதழில் வருகிறது என்று மட்டும் சொன்னான்.

போனை வைத்துவிட்டு, உதிர்ந்ததைக் கடைசித் துகள்வரை சுரண்டி எடுத்தார். கெட்டி ரப்பர் தகட்டை அளவாக வெட்டி ஒட்டி, சுற்றிலும் தைத்தார். தைத்து முடித்ததும் இரண்டையும் வாளித் தண்ணீரில் அமுக்கினார். ஊறட்டும் என்று விட்டு, எடுத்து இரண்டு கையாலும் முறுக்கினார். தையல் அசையவில்லை.

பிரேமாவதி வேலைவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். வாளியையும் ஈரச் சப்பாத்தையும் பார்த்தாள்.

"என்னங்க இது, நாளைக்குப் போடுறத இப்படி முக்கி வச்சிருக்கீங்க? துணியா இது?"

"மலையில மழை வந்தா உன்னையக் கேட்டுக்கிட்டா வரும்? நனைஞ்சா என்ன ஆகும்னு பாக்க வேணாமா?"

"அஞ்சு ஸ்டார்னு சொன்னப்ப பாத்திருக்கணும்லா."

அவர் சப்பாத்தை உதறி நீரை வடித்தார். அந்தப் பேச்சு தைத்தது.

அவள் மேசையில் கிடந்த அந்த ஐந்து நட்சத்திரப் பத்திரிகையை எடுத்தாள். "இதைக் கிழிச்சு உள்ள திணிங்க. விடியறதுக்குள்ள காஞ்சிரும்."

"வழவழத் தாளு. ஈரத்தை இழுக்காது."

"அதுக்கும் ஆகாதா?"

"அதுக்கும் ஆகாது."

பழைய நாளிதழைக் கசக்கி இரண்டிலும் அடைத்தார். அவள் ஒன்றை வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

"கனமா இருக்கே. கால்ல கல்லைக் கட்டின மாதிரி."

"கனந்தான். இறக்கத்துல பாத்துக் காலை வை. ஏதாவது பிச்சுக்கிட்டா அப்படியே உக்காந்துரு, நொண்டிக்கிட்டு நடக்காத. வந்து எங்கிட்டச் சொல்லு."

"சொன்னா?"

"மறுபடியும் பிரிச்சுப் பாக்கறேன்."

நாடாக்களை முடிந்து, மற்றதையும் அவள் கையில் கொடுத்தார்.