நீக்கிய நிமிடங்கள்

அமலி பேசும்போது நடுநடுவே நின்றுவிடுவாள். "சோறு வெந்..." என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, "...துருச்சு கண்ணு" என்பாள். பூளவாடிக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் மின்சாரம் எடுக்கும் காற்றாலைக் காத்தாடி நட்ட நாளிலிருந்து இந்தப் பழக்கம். சிநேகிதிகள் முன்னால் அம்மா அப்படி நிற்கும்போதெல்லாம் மகள் ஜெனிஷா அவசரமாக அந்த வாக்கியத்தைத் தானே முடித்துவிடுவாள்.

பனியன் துணிக்குப் பிசிறு வெட்டி மகளைப் படிக்க வைத்தவள் அமலி. சிங்காநல்லூரில் சத்தம் அளக்கும் கம்பெனியில் ஜெனிஷாவுக்கு வேலை கிடைத்ததை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மேற்கே இன்னொரு பெரிய காத்தாடி வந்து சத்தம் கூடிப்போனது. கலெக்டருக்கு மனுக் கொடுக்கக் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பொற்கொடியை அந்தப் பெருமையில்தான் தடுத்தாள்.

"மனு எதுக்கு அம்மணி? எம்புள்ள வந்து அளந்து சொல்லட்டும்."

"அளந்தா எங்கொழந்த தூங்கீருமாங்கக்கா?" என்று பொற்கொடி சிரித்தாள். இருந்தாலும் காத்திருந்தாள்.

ஜெனிஷா கருவியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்து அளந்தாள். காற்று தாறுமாறாக அடிக்கும் நிமிடங்களில் மைக்கிலேயே காற்று மோதி இரையும். அவற்றைக் கணக்கிலிருந்து நீக்குவது கம்பெனி வழக்கம். மிச்ச நிமிடங்களில் சத்தம் அனுமதித்த அளவுக்குள் இருந்தது.

"ஒண்ணுமில்லீங்மா. பழகிட்டா சரியாப் போயிரும்."

அமலி அதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னாள். பொற்கொடி மனுவைக் கிழித்துப் போட்டாள்.

பிறகொரு முறை மகளின் அறையில் வந்து தங்கிய அமலி, காத்தாடியே இல்லாத சிங்காநல்லூரிலும் பாதிப் பேச்சில் நின்றாள். அறைத்தோழி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெனிஷாவுக்கு முகம் எரிந்தது. அம்மாவை இப்படி நிற்கப் பழக்கியது எது என்று, ஆபீஸுக்குப் போய் நீக்கிய நிமிடங்களைப் போட்டுக் கேட்டாள்.

மைக் இரைச்சலுக்கு அடியில் தொம், தொம் என்று விழுந்துகொண்டிருந்தது. சீரான காற்றை வெட்டும் இறக்கை சுற்றுக்குச் சுற்று உஸ்ஸென்றுதான் இரையும். புதிய காத்தாடி கலக்கிவிட்ட காற்றோ பழையதன் இறக்கைகளில் சுழன்று மோதி அடித்தது. பொற்கொடி குறைசொன்ன சத்தம் முழுக்க அவள் தூக்கியெறிந்த நிமிடங்களில் இருந்தது. நடுவே அம்மாவின் குரல்: "பொற்கொடி, தண்ணி..." தொம். "...வந்துருச்சா?"

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள்.

"நீ படிச்சது தப்பா கண்ணு?"

"படிச்சது தப்பில்லீங்மா. எதத் தூக்கிப் போடறோம்னு பாக்காமப் போட்டுட்டேன்."

"நாஞ் சொல்லித்தான அவ கிழிச்சா" என்றாள் அமலி.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஊருக்குப் போய்ப் பொற்கொடி வீட்டுக்கு நடந்தார்கள். கதவில் பூட்டு. தூங்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்தியமங்கலத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கே போய்விட்டாளாம்.

ஜெனிஷா தவறை எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினாள். அமலி செய்ய வேண்டியது பொற்கொடியிடம் தப்பை ஒத்துக்கொள்ளும் ஒரு போன்தான். அதற்கே வெகுநாள் ஆயிற்று. போன் போட்ட அன்று காற்றில்லை, காத்தாடிகள் இரண்டும் அசையாமல் நின்றன.

"பொற்கொடி, நான் அன்னிக்குச் சொன்ன..." என்று ஆரம்பித்து நின்றாள். பக்கத்தில் இருந்த ஜெனிஷா இந்த முறை அந்த வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை.

"சொல்லுங்கக்கா" என்றது மறுமுனை.

"கொழந்த நல்லாத் தூங்குதா?" என்று கேட்டுவிட்டு அமலி போனை வைத்துவிட்டாள்.