குணமணியின் மாசியச் சோறு

பாலையூற்றுச் சந்தியில் ஒரு கதை உலாவியது. அன்புவழிபுரத்துக் குணமணி மன்னித்துவிட்டாளாம். தன் அக்கா அன்னப்பிள்ளை விழுந்து செத்த அதே முதியோர் இல்லத்துக்கு ஒரு வருடம் சோறு சுமந்தாளாம். இல்லத்து மனேஜர் இராசதுரையைப் பக்கத்தில் இருத்தித் தன் கையாலேயே பரிமாறினாளாம். "தெய்வப் பிறவி" என்றது தேநீர்க்கடை. துறைமுகப் பக்கத்திலிருந்து ஷெல் புறப்படும்போதெல்லாம் தேநீர்க் கோப்பைகள் நடுங்கிய 2007ஆம் ஆண்டில், ஊருக்கு ஒரு தெய்வப் பிறவி தேவைப்பட்டதும் உண்மைதான்.

ஆனால் குணமணியை அறிந்தவர்களுக்குக் கதை இடித்தது. அழுகல் தேங்காய் விற்றவனை ஏழு வருடமாகப் பேர் சொல்லித் திட்டுகிறவள் அவள். ஆகவே அவளுடைய பானைகளை ஏற்றிப்போன ஓட்டோக்காரர் ஸைனுலாப்தீனிடம் விசாரிக்க வேண்டியதாயிற்று. அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார்.

"மன்னிப்போ? குணமணி அக்கா பானைக்குள்ள சோறு கொண்டு போகல்ல. வழக்குக் கொண்டு போனவ."

வழக்கு இதுதான்.

குணமணி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். புருஷன் இல்லை. ஓர் அறை வீடு, இரண்டு குமர்ப்பிள்ளைகள். வெருகலில் கடல் வீட்டைக் கொண்டுபோனபின் அக்கா அன்னப்பிள்ளை ஒரு பையோடு அவளிடம் வந்து சேர்ந்தாள். முழங்கால் மடங்காத மனுஷி. குணமணி வீட்டுக் கக்கூசு வளவின் கடைசி மூலையில்; மழை பெய்தால் வழியெல்லாம் சேறு. பல இடம் ஏறி இறங்கித்தான் குணமணி அந்த இல்லத்தைத் தேர்ந்தாள். காரணம் ஒன்றே ஒன்று. பெண்கள் குளியலறைச் சுவரோடு கதவிலிருந்து கக்கூசு வரை ஓர் இரும்புக் குழாய் ஓடியது, பிடித்து நடக்க. குணமணி அதில் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் அக்காவைக் கூட்டிவந்தாள்.

சுனாமியோடு வந்திறங்கிய வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமொன்று அந்த வருடமே இல்லத்துக்கு ஒரு சான்றிதழ் கொடுக்க முடிவுசெய்தது. பாதுகாப்பிலும் தரத்திலும் முன்மாதிரி இல்லம் என்று. விழாவுக்குக் கொடியேற்ற வேண்டும், கம்பம் இல்லை. கடையில் இரும்புக் குழாய் கேட்டால் எதற்கென்று ஆமிக்காரன் வீடுவரை வந்து கேட்கிற காலம். இராசதுரையின் கண் குளியலறைக்குள் போனது. ஒரு நாளைக்குத்தானே என்றார். கொடி ஏறியது. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியது. குழாய் மட்டும் போட்ட சீமெந்தில் இறுகி முற்றத்திலேயே நின்றுவிட்டது.

மறுநாள் விடிய அன்னப்பிள்ளை குளியலறைக்குப் போய், கை பழகிய இடத்தில் கையை வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

இடுப்பு முறிந்து இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். செத்தவீட்டுக்கு வந்த இராசதுரை, "வயசுபோன மனுசி. தலை சுத்தி விழுந்திட்டா. விதி" என்று சொல்லிவிட்டுச் சோடா குடித்தார். குழாயைக் கழற்றிய கதையை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த தங்கமுத்துதான் சொன்னாள், அன்னப்பிள்ளையின் பக்கத்துக் கட்டில்காரி. குணமணி பொலிசுக்குப் போனாள். தெருவில் கிடக்கும் சடலங்களுக்கே நேரம் போதாத பொலிசு, வழுக்கி விழுந்த கிழவிக்காகப் பேனையை எடுக்கவில்லை. தொண்டு நிறுவனத்துக்குப் போனாள். முறைப்பாட்டை ஆங்கிலத்தில் தரச் சொன்னார்கள்.

குணமணிக்கு ஆங்கிலம் தெரியாது. சமைக்கத் தெரியும்.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம். செத்தவர் நினைவாக யார் சாப்பாடு கொடுத்தாலும் மனேஜர் எழுந்து நின்று பேரைச் சொல்வார், அதன்பிறகே பரிமாறுவார்கள். உபயகாரரைக் குளிரவைக்க இராசதுரையே கொண்டுவந்த ஏற்பாடு. மாதாமாதம் வரும் அக்காவின் மாசியத் திதிச் சோற்றை அங்கேயே கொடுக்கிறேன் என்றாள் குணமணி. அரிசிக்கு அல்லாடிக்கொண்டிருந்த இராசதுரை கைகூப்பினார்.

முதல் மாசியத்துக்குப் பானைகள் இறங்கின. கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், பருப்பு, வல்லாரைச் சம்பல், பயற்றம் பாயாசம். நீண்ட மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த கிழடுகளின் மூக்குகள் நிமிர்ந்தன. இராசதுரை தொண்டையைச் செருமினார்.

"இன்றைய மதிய போசனம் அமரர் அன்னப்பிள்ளை அவர்களின் நினைவாக..."

குணமணி அகப்பையைப் பானைக்குள் விடவில்லை. "எப்பிடி அமரரானவ, ஐயா?"

"என்ன பிள்ளை?"

"அதையும் சேத்துச் சொல்லுங்கோ. ஆத்துமா கேட்டுக்கொண்டெல்லோ நிக்கும்."

"காலமானவ..."

"படுக்கையில கிடந்தோ?"

இராசதுரை கூரையைப் பார்த்தார். தங்கமுத்து சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டினாள். "டேய் இராசதுரை, சொல்லித் துலையன்ரா! பருப்பு ஆறுது."

"விழுந்து" என்றார். "விழுந்து காலமான அன்னப்பிள்ளை."

அகப்பை இறங்கியது.

திரும்பும் வழியில் ஸைனுலாப்தீனுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு சொல்லுக்கா அக்கா இவ்வளவு தேங்காயும் பயறும்?"

"ஒரேயடியாப் பிடுங்கினா மனுசன் மயங்கிப்போவான், தம்பி. ஒவ்வொரு பல்லாத்தான் பிடுங்கவேணும்."

அடுத்த மாதம் "குளியலறையில்" என்ற சொல் வந்தது. அதற்கு அடுத்த மாதம் இராசதுரைக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக இல்லத்துக் கிளாக்கர் எழுந்து நின்றார். குணமணி பானைகளை மூடினாள். "மனேஜர் ஐயா சுகமாகி வரட்டும். நான் இருக்கிறன்." கிழடுகள் ஊன்றுகோல்களோடு எழுந்துபோய் அவருடைய அறை வாசலில் நின்றார்கள். காய்ச்சல் சட்டென்று இறங்கிவிட்டது.

வாயை அடைக்க வழி தேடிய இராசதுரை மேசனைப் பிடித்தார். குளியலறையில் பழைய குழாயிருந்த சுவரில் பளபளவென்று புதுக்கம்பி ஏறியது.

"பாருங்கோ பிள்ளை, கம்பி."

"வடிவாக் கிடக்கு. அக்கா கை நீட்டேக்க எங்க கிடந்தது?"

தரைக்கு றப்பர் விரிப்பு வந்தது. கட்டிலுக்குக் கட்டில் மணி வந்தது. குளியலறைக்குள் இரவு விளக்கு வந்தது. ஒவ்வொரு மாசியத்துக்கும் முதல்நாள் ஒரு சாமான். சான்றிதழ் செய்யாததைப் பால்கறி செய்தது. ஆனால் வசனம் "விழுந்து" என்பதைத் தாண்டி நகரவில்லை, குணமணியும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் ஏன் விழுந்தவ என்று கேட்பாள், அவருடைய நெற்றி வேர்ப்பதைப் பார்ப்பாள், பிறகு பரிமாறுவாள். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்குவாள்.

வருடம் நிறைந்து ஆட்டைத் திவசம் வந்தது. அன்றைக்கே சான்றிதழைப் புதுப்பிக்க வெளிநாட்டுக்காரரும் வருகிறார்களாம். இராசதுரை இடியப்ப உலைக்குப் பக்கத்தில் வந்து நின்று கெஞ்சினார்.

"ஒரு நாள் தள்ளி வைப்பமே, பிள்ளை?"

"திதியை நான் குறிக்கேல்லை, ஐயா. நீங்கள்தான் குறிச்சனீங்கள்."

திவசத்தன்று விருந்தினர் கதிரைகளில் இருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைக்கார அம்மா, பாயாச வாசத்தில் கண்ணை மூடியபடி. இராசதுரை எழுந்தார். "குளியலறையில் விழுந்து காலமான அன்னப்பிள்ளை அவர்களின்..."

"ஏன் விழுந்தவ?"

"...கம்பி இல்லாமல்."

"கம்பி எங்க போனது?"

தங்கமுத்து கோப்பையைத் தட்டத் தொடங்கினாள். பக்கத்துக் கிழவி தட்டினாள். கொஞ்ச நேரத்தில் வாங்கு முழுவதும் தட்டியது. ஊர் முறையாக்கும் என்று நினைத்து வெள்ளைக்கார அம்மாவும் சிரித்துக்கொண்டு தட்டினார். அந்தத் தட்டில்தான் இராசதுரை உடைந்தார்.

"நான்தான் கழட்டினனான்! கொடியேத்தக் கழட்டினனான்! திருப்பிப் போடேல்லை!"

கோப்பைகள் ஓய்ந்தன. விருந்தினரோடு வந்த மொழிபெயர்ப்பாளர், ஐயா சென்ற வருடக் கொடியேற்றத்தை நினைவுகூர்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். விருந்தினர் கைதட்டினார்கள். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது.

குணமணி அதைச் சட்டைசெய்யவில்லை. கேட்கவேண்டிய காதுகள் வாங்கில் இருந்தன. முதல் அகப்பையை இராசதுரைக்கே வைத்தாள். கடைசிப் பருக்கை இறங்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். இதைத்தான் பாலையூற்றுச் சந்தி மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டது.

அவள் பானைகளைக் கழுவி ஏற்றும்போது தங்கமுத்து ஓட்டோவரை நொண்டி வந்தாள். சித்திரையில் சந்தையில் குண்டு வெடித்து, கடைகள் எரிந்து, ஊரடங்கு போட்ட கிழமையில் மாசியம் தவறிப்போயிருந்தது.

"எடியே குணமணி, எங்களுக்கு ஒரு சோறு நிலுவை."

"ஓம் அக்கா, தெரியும். தருவன்."

அது இராசதுரையின் காதிலும் விழுந்தது. இன்னொரு சோறென்றால் இன்னொரு முறை எழுந்து நின்று அந்த வசனம். அடுத்த கிழமையே ஸைனுலாப்தீனிடம் சொல்லியனுப்பினார்: இந்தக் கஷ்ட காலத்தில் அந்த ஒரு சாப்பாடு தேவையில்லை, இல்லம் மனமுவந்து விட்டுக்கொடுக்கிறது.

குணமணி இடியப்ப உரலைப் பிழிந்தபடி பதில் சொன்னாள். "செத்தவளின்ர கடனை விட்டுக்குடுக்க அவர் ஆர்? குடுப்பன் எண்டு சொல்லு. நாள் மட்டும் சொல்ல ஏலாது."

மாதங்கள் போய்விட்டன. வாசலில் ஓட்டோச் சத்தம் கேட்டால் இராசதுரை எழுந்து பெண்கள் குளியலறைப் பக்கம் போகிறார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். அந்த ஒரு சோற்றை அவள் இன்னும் கொடுக்கவில்லை.