எண்பதடித் தண்ணீர்

சந்தேகம் என் கூடவே பிறந்தது. பஸ்ஸில் ஏறினால் போர்டை நம்பாமல் கண்டக்டரிடம் கேட்பேன். கண்டக்டரை நம்பாமல் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பேன். அவரும் திருச்சுழிதான் என்று சொன்ன பிறகுதான் உட்காருவேன். அப்படிப்பட்ட நான், சொந்தப் பெயரைக்கூடச் சொல்லாத ஏழெட்டுப் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துவிட்டு, திருச்சுழியில் ஒரு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். அந்த வருஷம் மிளகாய் போட்டிருந்தார். மழை ஏமாற்றிவிட்டது, கிணறும் வறண்டது. இருநூறு அடிக்கு போர் போட்டதில் எண்பதாவது அடியில் தண்ணீர் நின்றது. போர் குறுகல், மணலும் தள்ளியது. உள்ளே மோட்டார் இறக்கினால் மாட்டிக்கொள்ளும் என்றார்கள். செடியோ பூவெடுக்கும் நேரம். பத்துப் பதினைந்து நாளைக்குள் தண்ணீர் காட்டாவிட்டால் பூ கொட்டிவிடும், அந்த வருஷப் பாடு அத்தோடு முடிந்தது.

மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். போருக்குள் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தார்.

"கவலப்படாதீக. மோட்டாரு மேலயே இருக்கட்டும், கம்ப்ரசர் வச்சுருவோம். என்கிட்ட ஒண்ணு தயாரா இருக்கு. நாளைக்கே கொண்டாந்து மாட்டுனா பொழுது சாயுறதுக்குள்ள தண்ணி கொட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் கோடை வந்தால் ஒவ்வொரு கிணற்றிலும் நடக்கிற வேலை ஒன்று உண்டு. தண்ணீர் கீழே போகப்போக, நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டே போவோம். மேலே இருக்கிற மோட்டார் ஆழத்துத் தண்ணீரை இழுக்காது என்பது ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். நான் படித்த புத்தகமும் அதையே சொன்னது. எப்பேர்ப்பட்ட பம்பானாலும் பத்து மீட்டருக்கு மேல், அதாவது முப்பத்துமூன்று அடிக்கு மேல், உறிஞ்ச முடியாது. இவரோ எண்பதடி என்கிறார்!

எப்படி எடுப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஆள் உஷாராகிவிடுவார் என்று நினைத்தேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டேன்.

அவர் தலை மறைந்ததும் அண்ணனிடம் சொன்னேன்: "ஆளு டுபாக்கூர்ண்ணே."

"அப்படியா? கிணத்துல நாமளே பாத்திருக்கோமே, மேல இருந்தா எங்க இழுக்குது? நீயும் படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணன். என் அண்ணனுக்குச் சந்தேகமே வராது. வீட்டுக்கு உள்ளது முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன் போல.

அப்போது அருப்புக்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ்ஸேறிப் போய்விடுவேன். போன் லைன் கீச்சிட்டு, இருமி, ஒருவழியாக இன்டர்நெட் ஒட்டிக்கொள்ளும். பிசிக்ஸை ஆசைக்காகப் பேசுகிறவர்களின் குழு ஒன்று அதில் இருந்தது. கண்ணாடி ஏன் இடம் வலத்தை மாற்றுகிறது, மேலும் கீழும் ஏன் மாறவில்லை என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். எல்லாம் வெளிநாட்டு ஆட்கள் என்பதைத் தவிர, எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் தெரியாது. எல்லாருக்கும் புனைபெயர். அங்கே நான் கிளார்க் இல்லை. அந்தச் சுகத்துக்காகவே போனேன், ஒளிக்க என்ன இருக்கிறது?

அந்த ஞாயிறு அங்கே கேள்வியைப் போட்டேன். 'என் மெக்கானிக் என்னை ஏமாற்றுகிறாரா?' என்று தலைப்பு வைத்தேன்.

அடுத்த ஞாயிறு போனால் பதில் குவிந்து கிடந்தது. முடியவே முடியாது என்றார் ஒருவர். இயற்கை விதியையே மீறுகிறார், விரட்டிவிடுங்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் விழுந்து விழுந்து சிரித்திருந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரே ஒருவர் மட்டும் கேள்வியாகக் கேட்டிருந்தார்: 'கம்ப்ரசர் காற்றை எங்கே அனுப்புகிறது? குழாய் தண்ணீருக்குள் எத்தனை அடி முங்கியிருக்கும்? மெக்கானிக்கிடமே கேட்டு எழுதுங்களேன்.'

இவன் யாரடா நடுவில் என்று கோபம் வந்தது. கம்ப்ரசர் விற்கிற ஆளாக இருப்பான் என்று முடிவு கட்டினேன். அவருக்குப் பதிலே எழுதவில்லை. மற்றவர்களுக்கு நன்றி சொல்லி, வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டு வந்தேன்.

வீட்டில் மதினி வாசலிலேயே நின்றார்கள்.

"தம்பி, பூவெல்லாம் உதிருது. அந்த மல்லாங்கிணத்துக்காரரையே வரச் சொன்னா என்ன?"

"அவரு ஃபிராடு மதினி. வெளிநாட்டுக்காரவுகளே சொல்லிட்டாக. ஒரு வாரம் பொறுங்க, வேற வழி சொல்லுவாக."

மதினி உள்ளே போனார்கள்.

மறு ஞாயிறு போனால், குழுவில் என் மிளகாயை எல்லாரும் மறந்திருந்தார்கள். வெயில் காலத்தில் அந்தப் பத்து மீட்டர் எல்லை கொஞ்சம் குறையுமா குறையாதா என்று அவர்களுக்குள் அடிதடி. நானும் அதில் புகுந்து ஒரு மணி நேரம் வாதாடினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் வாதாடினேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஆபீஸ் வேலையாக நரிக்குடிப் பக்கம் போனேன். பஸ் ஜன்னல் வழியே ஒரு வயலில் தண்ணீர் மின்னியது. வயலோரத்தில் அதே மெக்கானிக். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வேகாத வெயிலில் திரும்பி நடந்தேன். எங்காவது தொட்டியை ஒளித்து வைத்திருப்பார் என்று வயலைச் சுற்றி வேறு வந்தேன். தொட்டியும் இல்லை, கிணறும் இல்லை. கம்ப்ரசர் மேலே கடகடவென்று ஓடியது. போரிலிருந்து வந்த குழாய் புஸ் புஸ்ஸென்று காற்றோடு சேர்த்துத் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்குன்னு வச்சிருந்த கம்ப்ரசர்தான் சார். ஒரு வாரம் பாத்தேன், ஆளே வரல" என்றார்.

"இது எப்படி இழுக்குது?" அன்றுதான் கேட்டேன்.

"இழுக்கல சார். சின்னக் கொழா வழியா காத்த அடியில அனுப்புறோம். அது பெரிய கொழாய்க்குள்ள குமிழு குமிழா ஏறும். காத்து கலந்தா தண்ணி கனம் கொறஞ்சுரும். சுத்தி நிக்கிற தண்ணி அத மேல தள்ளிவிட்டுரும். சோடாவ ஒடச்சா நொர பொங்கி வரல? அது மாதிரித்தான்."

நான் படித்த பிசிக்ஸ்தான். அப்படியே, ஒரு எழுத்து மாறாமல். அந்தக் கேள்விக்காரர் கேட்டதும் இதைத்தான்.

"ஏங்க, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க கேக்கலையே சார்" என்றார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. உற்றுப் பார்த்தேன், இல்லை.

சாயங்காலம் நேரே வயலுக்குப் போனேன். அண்ணன் காய்ந்த செடிகளை அடுப்புக்காகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "வா தம்பி. இன்டர்நெட்டுல என்ன சொல்றாக? ஆளு ஃபிராடுதான?" என்று கேட்டார். அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"இல்லண்ணே. அவரு சொன்னது நெசந்தான். நரிக்குடியில தண்ணி கொட்டுது, பாத்துட்டு வாரேன்."

பிடுங்கிய செடி அண்ணன் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தார், வயலைப் பார்த்தார்.

"அப்ப இதெல்லாம் தம்பி?" என்றார்.