நெல் வேரில் சிவப்பு

சித்தப்பா தாவரவியல் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்றதில்லை. தட்டில் எது விழுந்தாலும் அதன் வேர், தண்டு என்று ஆரம்பித்துவிடுவார். செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. முடித்தவருக்கு மேலே படிக்க ஆசை. அப்பாவோ செய்யூர் சவுக்கு மண்டியில் வேலை சொல்லிவைத்திருந்தார். மேல்படிப்பு விண்ணப்பத்திலோ காப்பாளர் என்று அப்பாவின் கையெழுத்து வேண்டும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்கு எட்டு வயது. சித்தப்பா கொல்லையில் ஒரு வேர்க்கடலைச் செடியை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, பிடுங்கி, வேரில் கடுகளவு முடிச்சுகளைக் காட்டினார். ஒன்றை நகத்தால் கீறினார், உள்ளே சிவப்பு. அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே செடிக்கு உரம் எடுத்துத் தருமாம். சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறதாம். நெல்லுக்கும் முடிச்சு வரவழைத்தால் யூரியாவே வேண்டாம் என்றார். செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் களைக்கொல்லி ஒன்றைத் துளியூண்டு விட்டால் போதுமாம்.

"நெல்லு வேருல மல்லாட்டை மாதிரி செவப்பா காட்டுடா, கையெழுத்து போட்றேன்," என்றார் அப்பா.

சித்தப்பா பழைய தொட்டியில் நாற்று நட்டு, கடலைக் கொல்லை மண்ணைக் கலந்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மூன்றாவது வாரம் முடிச்சு வந்தேவிட்டது. அவர் அப்பாவைக் கூப்பிட ஓடியதும், ஆவல் தாங்காமல் நான் ஒன்றைக் கீறினேன். வெள்ளை. இன்னொன்றும் வெள்ளை. இதைப் பார்த்தால் அப்பா கையெழுத்துப் போடமாட்டார். சாமி மாடத்துக் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, கீறிய இடத்திலெல்லாம் தடவிவைத்தேன்.

அப்பா குனிந்து பார்த்தார். "செவப்பாத்தான் கீது," என்றார், நம்ப முடியாமல்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. பிறகு விரலால் தேய்த்தார், முகர்ந்தார், என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"குங்குமம் அண்ணாத்த. உள்ள வெள்ளதான். முடிச்சு வந்துச்சு, வேல நடக்கல. தோத்துட்டேன்."

அப்பா கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலை விண்ணப்பம் கையெழுத்தோடு மேசைமேல் இருந்தது.

தோற்றுப்போனவருக்கு எதற்குக் கையெழுத்து என்று எனக்கு விளங்கவில்லை. இவருக்காகச் சாமி குங்குமத்தைத் திருடினேன், இவர் என்னையே காட்டிக்கொடுத்துவிட்டார் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. மதுராந்தகத்தில் ரயிலேறி, ஜன்னல் வழியாக என் பெயரைச் சொல்லி அவர் கையாட்டியபோதுகூட நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.