கொள்கலன், பித்தளை, நடுத்தரம், ஒன்று

அரசாங்கப் பண்டகசாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தவனுக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான் உண்டு: பதிவேட்டில் இருப்பவை, இருந்தும் இல்லாதவை. ஓய்வு பெற்ற பிறகு இந்த ஞானத்தை எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் என் வீட்டுப் பின்பக்கத்தைச் சீர்படுத்தினேன். மூன்று அலமாரி, நாற்பது டப்பா, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மனைவி சுத்தியல் கேட்டால் பட்டியலைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்வேன். அதற்குள் அவள் அம்மிக் குழவியால் ஆணியை அடித்து முடித்திருப்பாள்.

எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் பின்னால் ஒரே அளவு இடம். சிமெண்டுத் தரை, பாதிக்குத் தகரக் கூரை, ஓரத்தில் கால்வாய், அதற்கு அப்பால் பின்சந்து. இரண்டு வீட்டுக்கு நடுவே இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் லைன் லீடர். ஐம்பதை நெருங்குகிறாள். கணவர் இல்லை, பிள்ளைகள் சிங்கப்பூரில். எங்கள் தீவிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய் வருவாள். எங்கள் தெருக்காரர்கள் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் சாலையோரம் போடும் தண்ணீர்ப் பந்தலின் சாமான்கள் முழுவதும் அவள் வீட்டுப் பின்பக்கத்தில்தான் கிடந்தன. கிடந்தன என்பதுதான் சரியான சொல். அண்டா மேல் குண்டான், குண்டான் மேல் மடக்கு மேசை, அதன் மேல் கூடாரத் துணி. எங்கேயாவது கை வைத்தால் எங்கேயோ ஏதோ விழும்.

டெங்கிச் சோதனைக்காரர்கள் கைவிளக்கோடு வந்தபோது ஓர் அண்டாவுக்குள் கொசுப் புழு நெளிந்தது. சம்மன் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி வருவோம், மறுபடி கண்டால் வழக்கு என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தண்ணீர் எப்படி வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. வெறும் பாத்திரத்தை எடுத்து வைக்கக் கூடாது என்று, கழுவி முடித்த கையோடு ஒரு வாய்த் தண்ணீர் விட்டு வைப்பது நம் வீட்டுப் பெண்களின் பழக்கம். இடையில் வீட்டு விசேஷங்களுக்கு எடுத்துப் போய்க் கழுவித் தந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு வாய் விட்டிருக்கிறார்கள். லட்சுமிக்காக விட்டது. கொசு முந்திக்கொண்டது.

பந்தல் தலைவர் அன்று மாலையே தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவள் ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

"இன்னொரு வாட்டி புழு கண்டா, எல்லாத்தையும் சுங்கை பாக்காப்புக்கு அனுப்பிடலாம்மா. அங்க நம்ம மச்சான் கொட்டாய் ஒண்ணு சும்மாதான் கெடக்கு."

"பாலம் தாண்டிப் போன சாமான் எந்தக் காலத்துல திரும்பி வந்திருக்கு? பூசத்துக்கு ஒரு மாசம் கூட இல்ல."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? என் மேல கேஸ் போட்டா நீயா வந்து நிப்ப?"

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் சுவரோரம் வந்தாள். "இந்த ரெண்டு நாளுக்காகத்தான் அண்ணே வருசம் பூரா அந்த பஸ்ல ஏறி உக்கார்றேன்," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கும். அழாததால் நடைமுறையைச் சொன்னேன்.

முதலில் கணக்கெடுப்பு, பிறகு வகைப்பாடு. பாத்திரத்தோடு பாத்திரம், கரண்டியோடு கரண்டி, இரும்போடு இரும்பு. கடைசியாக அட்டை எழுதிக் கட்டுவது. இதை விளக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவள் கைகட்டிக் கேட்டாள்.

"நல்லா இருக்கு அண்ணே. ஆனா நீங்க லோரிக்குப் பின்னாடி நின்னு பார்த்ததில்ல போல."

"பார்க்காமல் என்ன?"

"அங்க போய் எறங்கினதும் மொதல்ல என்ன வேணும்? கூடாரம். அப்ப லோரில கடைசியா ஏறணும். கடைசியா ஏத்துற சாமான் இங்க உள்ள தள்ளி இருக்கணும். அடுப்பும் அண்டாவும் மொதல்ல ஏறும், அது கேட் பக்கம். இரும்போட இரும்பு சேர்த்து வச்சா, கம்பி எடுக்க அடுப்பெல்லாம் நகத்தணும் லா."

முப்பத்தொரு ஆண்டுகளில் என்னிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. எங்கள் பண்டகசாலையில் பொருள் வெளியே போவதே அபூர்வம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் செய்ததைச் சுவர் மேல் முழங்கையை ஊன்றி முழுதாகப் பார்த்தேன். எல்லாவற்றையும் பின்சந்தில் இறக்கித் தரையைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டாள். பிறகு ஒவ்வொரு அண்டாவையும் அதற்குரிய இடத்தில் கவிழ்த்து வைத்து, விளிம்பைச் சுற்றி வெள்ளைச் சாயத்தால் வட்டம் போட்டாள். குண்டானுக்குச் சின்ன வட்டம், ஐஸ் பெட்டிக்குச் சதுரம். கூடாரக் கம்பிகளைக் கூரைக்கு அடியில் கொக்கி அடித்து நீளவாக்கில் ஏற்றினாள். சேர வேண்டிய முனைகளுக்கு ஒரே நிற நாடா: சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை. துணியைத் தரையில் மடித்து வைக்காமல் கயிற்றில் போட்டாள், மடிப்புக்குள் மழைநீர் நிற்காது. கரண்டிகளைச் சுவரில் மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றி அதன் உருவத்தையே வரைந்தாள். அகப்பைக்கு அகப்பை நிழல், சல்லடைக்குச் சல்லடை நிழல்.

"இதெல்லாம் எங்கே படித்தாய்?"

"ஃபேக்டரில அண்ணே, ஃபைவ் எஸ்னு சாமான் ஒழுங்கா வைக்கிற முறை. ஸ்க்ரூடிரைவர் எடுத்தா அந்த எடத்துல அதோட படம் மட்டும் நிக்கும். எடுத்தவன் கொண்டாந்து வைக்கிற வரைக்கும் அந்தப் படம் எல்லார் கண்ணையும் குத்தும். ரிஜிஸ்டர் வேண்டாம் பாருங்க."

கடைசி வாக்கியத்தை அவள் எனக்காகச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் மனைவி எடுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

சிக்கல் பெண்களிடமிருந்து வந்தது. பாத்திரம் தேய்க்க வந்த இரண்டு பேர் கவிழ்ந்து கிடந்த அண்டாக்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். சாவு வீடு மாதிரி இருக்கிறது, சாமி காரியத்துக்கான பாத்திரத்தை இப்படி வெறுமையாகக் கவிழ்க்கலாமா என்றார்கள். சட்டத்தையும் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியையும் எடுத்துச் சொல்லலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அவள் முந்திக்கொண்டு உள்ளே போய், லிட்டில் இந்தியாக் கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த மஞ்சள் கிழங்குப் பையைக் கொண்டுவந்தாள். ஒரு நூல், ஒரு கிழங்கு என்று ஒவ்வொரு அண்டாவின் கழுத்திலும் கட்டிக்கொண்டு வந்தாள்.

"இப்ப சொல்லுங்கக்கா, மஞ்சக் கட்டின பானைய யாராவது வெறும் பானைன்னு சொல்லுவாங்களா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குனிந்து மீதிப் பானைகளுக்கு அவர்களே கட்டத் தொடங்கினார்கள். ஒரு சுற்றறிக்கையால் பத்து ஆண்டில் நடக்காதது அது.

வேலை முடிந்தபோது ஒரு வட்டம் மட்டும் காலியாக இருந்தது. பூசைக்கு வைக்கும் பித்தளைக் குடத்தின் இடம். அதன் அளவு அவளுக்கு மனப்பாடம் என்பதால் பொருள் இல்லாமலே வட்டம் போட்டிருந்தாள். பந்தலின் பெயர் வெட்டிய குடம் அது. யார் வீட்டில் தண்ணீரோடு அகப்பட்டாலும் பழி பந்தலுக்குத்தான். அந்த வாரம் அவளுக்கு இரவு ஷிப்ட், பகலில் தூங்கியாக வேண்டும். "நீங்க குரூப்ல கேட்டுப் போடுங்கண்ணே," என்றாள்.

போட்டேன். பெயர்ச்சொல் முதலில், பிறகு உலோகம், அளவு, எண்ணிக்கை. பண்டகசாலை முறை அது. "காணவில்லை: கொள்கலன், பித்தளை, நடுத்தரம், ஒன்று. வைத்திருப்போர் உடனே ஒப்படைக்கவும்."

பந்தலின் வாட்சாப் குழுவில் நாற்பது பேர். மூவர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர் கொள்கலன் என்றால் கன்டெய்னர் லோரியா என்று கேட்டார். இன்னொருவர், "பட்டர்வொர்த் துறைமுகத்துல விசாரிச்சுப் பாருங்கண்ணே" என்று எழுதினார். குடம் வரவில்லை. பழைய இரும்பு வாங்குபவன் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று ஆறு நாள் உறுதியாக நம்பினேன்.

ஏழாம் நாள் காலை அவள் வேலைச் சட்டையோடு பேருந்திலிருந்து இறங்கி நேரே பின்பக்கம் வந்தாள். சோதனைக்காரர்கள் வரிசையின் முனை வீட்டுக்கு வந்துவிட்டதை வரும்போதே பார்த்திருக்கிறாள். காலி வட்டத்தின் முன்னால் நின்று, "அந்தக் குடம்தான் எங்க இருக்குன்னே தெரியல," என்றாள்.

"எந்தக் குடம்?" என்று என் மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"பித்தளைக் குடம்க்கா, சாமிக்கு வைக்கிறது."

"அது நம்ம வீட்லதானே இருக்கு. பூசைக்கு வாங்கியாந்தேன், புளி போட்டு வெளக்கிக் குடுக்கலாம்னு வச்சிருக்கேன்."

"ஏழு நாளாகத் தேடுகிறோம், குழுவில் பார்க்கவில்லையா?" என்றேன்.

"என்னமோ கொள்கலன்னு போட்டிருந்தீங்க. ஒங்க ஆபீசு விசயம்னு விட்டுட்டேன். கொடம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே."

குடம் துளசித் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. அது மனைவியின் ஆட்சிக்கு உட்பட்ட மூலை, என் பட்டியலில் சேராதது. நிமிர்ந்து, மங்கலமாக, அடியில் ஒரு வாய்த் தண்ணீரோடு நின்றது. தண்ணீரில் புழு இருந்தது.

முனை வீட்டிலிருந்து நான்காவது வீடு என்னுடையது, ஐந்தாவது அவளுடையது. நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கால்வாயில் கொட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் சுவருக்கு மேலாகக் குடத்தை வாங்கி, கால்வாயை விட்டு விலகி, வெயில் விழுந்து சூடாகியிருந்த சிமெண்டில் தண்ணீரை மெல்லப் பரப்பி ஊற்றினாள். கால்வாயில் விட்டால் அவை பிழைத்துக்கொள்ளும் என்றாள். முட்டை உள்பக்கம் ஒட்டியிருக்குமாம், அதனால் தேங்காய் நாரைக் கையில் சுற்றிக் குடத்துக்குள் விட்டுக் கழுத்து வரை தேய்த்தாள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவள் அவசரப்படவே இல்லை. கழுவிக் கவிழ்த்து, சுவர் மேல் காயவைத்தாள்.

சோதனைக்கு வந்தவர் ஒரு மலாய்க்கார அம்மாள். என் வீட்டில் எதையும் காணாமல் அவள் வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு அண்டாவாகத் தூக்கி விளக்கடித்தார். காலி வட்டத்தைக் காட்டி இது என்ன என்று மலாயில் கேட்டார். நான் சுவருக்கு இப்பால் நின்று நல்ல அலுவலக மலாயில் விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாக என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார். அவள் சுவர் மேல் இருந்த குடத்தைக் காட்டினாள். அந்த அம்மாள் அதை எடுத்து உள்ளே விளக்கடித்து, உள்பக்கம் ஒரு விரலை ஓட்டிப் பார்த்தார்.

"பெர்சிஹ்," என்றார். சுத்தம். தாளில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, சுவரில் இருந்த கரண்டி நிழல்களைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவள் அந்தத் தாளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். சற்று நேரத்தில் தலைவரிடமிருந்து பதில் வந்தது: "சாமான் அங்கயே இருக்கட்டும்மா." படியில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, தூக்கம் வருது அண்ணே என்று உள்ளே போய்விட்டாள்.

குடம் காய்ந்ததும் நானே பின்சந்து வழியாகச் சுற்றிப் போய் அதை உள்ளே கொண்டுபோனேன். மஞ்சள் கிழங்கு ஒன்றைக் கழுத்தில் கட்டினேன். முடிச்சு அவ்வளவு அழகாக விழவில்லை. வட்டத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, கோட்டுக்கு உள்ள."

குனிந்து பார்த்தேன். விளிம்பு ஒரு விரற்கடை வெளியே இருந்தது. உள்ளே தள்ளினேன்.