எட்டடிப் பலகை

எங்கள் குடும்பத்தில் ஒரு வேலையைத் தொடங்கினால், அது யாருக்காகச் செய்யப்படுகிறதோ அந்த ஆளைத் தவிர மற்ற எல்லாரிடமும் யோசனை கேட்பார்கள். எனக்காகப் பொடக்காணியில் சாய்வுப் பலகை போட்டபோதும் இந்த முறைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பொடக்காணி என்றால் வீட்டின் பின்புறம். எலப்புள்ளிப் பக்கத்தில் நாங்கள் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ். பாலக்காட்டுக்காரர்கள் என்பது ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், இருபத்துமூன்று வயதில், கிணற்றுக்குள் மோட்டார் மேடைக்கு இறங்கும்போது பாசி வழுக்கி விழுந்தேன். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊரில் பலர் ஆறுதல் சொன்னார்கள். எனக்குத்தான் இடுப்பும் தொடையும் முறிந்து, கால்கள் இரண்டும் நிற்க மறுத்துவிட்டன. மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது, கோபம் உட்பட. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்து வெளியே வந்த கையோடு அங்கேயே ஒரு கடையில் மோட்டார் வைண்டிங், அதாவது கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் வேலை, கற்றுக்கொண்டேன். என்னைத் தள்ளிவிட்ட சாமானை வைத்தே பிழைப்பது என்று முடிவு. குறைந்த வோல்டேஜில் மோட்டார்கள் தினம் கருகிய காலம் அது. மின்சாரம் ஒழுங்காக வராதவரைக்கும் எனக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை.

பட்டறை வைக்கப் பொடக்காணியில் இருந்த கடலைக்காய்க் கொட்டகையைக் கொடுத்தார்கள். வண்டியைப் பின்னால் ஒட்டி நிறுத்தி மூட்டை இறக்குவதற்காக அதன் தளத்தை இரண்டரை அடி உயர்த்திக் கட்டியிருந்தார் என் அப்பா. மூட்டைக்கு அது வசதி. கஞ்சிக்கோட்டுப் பட்டறை ஒன்றில் சைக்கிள் சக்கரம் பூட்டிச் செய்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது மதில்.

ஆகவே என் அண்ணன் தினமும் காலை எட்டு மணிக்கு என்னைத் தூக்கி மேலே வைப்பார். பிறகு நாற்காலியைத் தூக்கி வைப்பார். சாயங்காலம் ஆறு மணிக்குக் காட்டில் இருந்து ஓடிவந்து இறக்குவார். காடு என்றால் எங்கள் விளைநிலம். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் பெரிய கொடுமை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம், நல்ல மனிதரை என்ன செய்வது? எட்டுக்கும் ஆறுக்கும் நடுவில் இயற்கை அழைத்தால் இறங்க வழியில்லை என்பதால், காலையில் காப்பியோடு சரி, பகல் முழுதும் தண்ணீர் குடிக்க மாட்டேன். சித்திரை வெயிலில் ஓட்டுக் கொட்டகைக்குள் வார்னிஷ் நெடியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு வேண்டியது கருணை அல்ல. நினைத்தபோது இறங்க வேண்டும், நினைத்தபோது ஏற வேண்டும், அவ்வளவுதான்.

இதை, தண்ணீர்க் கணக்கை மட்டும் விட்டுவிட்டு, அப்பாவிடம் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார். புது வண்டி செய்ய வைத்திருந்த வேங்கைப் பலகைகளையே எடுத்து வெளியே போட்டார். அப்பாவின் தாராளத்தை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்ததாக அவர் எடுத்தது மனையடி சாஸ்திரப் புத்தகம். குறை அங்கே தொடங்குகிறது.

ஆசாரி வந்தார். பாலக்காட்டு மலையாளி, எங்களோடு பேசும்போது தமிழாக்கிக்கொள்வார். அவர் கோலை எடுத்து அளந்தார், அப்பா புத்தகத்தைப் புரட்டினார். என்னையும் நாற்காலியையும் மட்டும் யாரும் அளக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சாய்தளம் என்று ஒரு பாடம் படித்த ஞாபகத்தில், "பன்னண்டடியாவது வேணுங்கப்பா. அப்பத்தான் நானா ஏற முடியும்" என்றேன்.

"பன்னண்டா? பன்னண்டுல செல்வம் அழியும்டா. எட்டடிதான் பாக்கியம்."

"எட்டடின்னா செங்குத்தா நிக்குமுங்க. பத்தடியாச்சும் போடுங்க."

"பத்துல ஆடுமாடு பெருகும். நீ என்ன ஆடா மாடா?"

"பதினாறு நல்லதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்களே?"

"நல்லதுதான். பொடக்காணி இருக்கறதே பதினஞ்சடி. மீதிய பங்காளி ஊட்டுக்குள்ள போயிப் போடறதா?"

வளைத்துப் போடலாமே என்று ஆசாரியைக் கேட்டேன். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வளைச்சா கணக்கு தெற்றும் கேட்டோ" என்றார். தெற்றும் என்றால் பிசகும். கூலி கொடுப்பவர் பக்கமே சாஸ்திரமும் நிற்கும் என்பது அவர் தொழிலில் முதல் பாடம் போலிருக்கிறது. பலகை எட்டடி என்று முடிவாயிற்று.

வேலை சுத்தமான வேலை, பொய் சொல்லக்கூடாது. இழைத்து, கூட்டி, முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் பூசி, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று வைத்தார்கள். புது வாசலுக்குச் சமம் என்று சொல்லி அப்பா நல்ல நாள் குறித்தார். வாசல் என்றால் முதலில் மாடு நுழைய வேண்டும். பங்காளிகள் நாலு பேர் கூடி, தேங்காய் உடைத்து, எங்கள் செவலை மாட்டுக்குப் பொட்டு வைத்து ஏற்றினார்கள். முன்னால் இருவர் இழுக்க, பின்னால் இருவர் தள்ள, அவள் ஏறினாள். ஏறியதும் என் செம்புக்கம்பிச் சுருள் மேலேயே சாணி போட்டாள். மகாலட்சுமி வந்துவிட்டாள் என்று சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கம்பியை மறுபடி வாங்குவதற்கும் மகாலட்சுமியே ஏற்பாடு செய்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகுதான் தெரிந்தது, ஏறுவது வேறு, இறங்குவது வேறு. எண்ணெய் பூசிய சரிவை எட்டிப் பார்த்த மாடு நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. புல் காட்டினார்கள், கன்றைக் காட்டினார்கள், வாலை முறுக்கினார்கள். அசையவில்லை. எட்டடி செங்குத்து என்று நான் வாயால் சொன்னதை அவள் காலால் சொன்னாள். அவள் பேச்சுக்கு மரியாதை இருந்தது. உடனே ஆசாரிக்கு ஆள் போயிற்று. அவர் வந்து, குளம்புக்குப் பிடிமானமாக அடிக்கு ஒன்றாகக் குறுக்கே ரீப்பர் கட்டைகளை அடித்தார். மாலையில் மாடு கட்டைமேல் கால் வைத்து, சம்பந்தி வீட்டு அம்மாள் போல நிதானமாக இறங்கிப் போயிற்று.

அவளுக்கு அதன்பின் அந்தப் பலகையில் ஒரு வேலையும் இல்லை. கட்டைகள் மட்டும் நின்றுவிட்டன. ஒவ்வொரு கட்டையிலும் என் சக்கரம் முட்டி நின்றது. பிடுங்கச் சொன்னேன்.

"நல்ல நாள்ல அடிச்ச ஆணிய ஒரு மண்டலத்துக்குப் புடுங்கக் கூடாது" என்றார் அப்பா. மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. முன்பு அண்ணன் என்னை மூட்டையாகத் தூக்கினார், இப்போது வண்டியாகத் தள்ளினார். கட்டைக்குக் கட்டை நாற்காலியைத் தூக்கிப் போட்டு மேலே கொண்டுபோவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். தூக்கி வைப்பதே லேசாக இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் பலகையைத் தடவிப் பார்த்து, "வேங்கைங்களா?" என்று கேட்டுப் போனார்கள்.

மண்டலம் முடிய இன்னும் இருபது நாள் இருக்கும். அண்ணன் என்னை ஏற்றிவிட்டுப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனார். அப்பா காட்டில். வீட்டுப் பெண்கள் உறவில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். அன்று காலை மோட்டார் கொண்டுவந்த குடியானவர் ஒருவர் இளநீரும் வெட்டிக் கொடுத்தார். மறுக்க மனமில்லாமல் குடித்துவிட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் அதன் பலன் தெரிந்தது. மூன்று மணிவரை பல்லைக் கடித்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன், செவலைதான் பதில் கொடுத்தாள்.

நாற்காலியோடு இறங்கிவிடலாம் என்று சரிவின் முனைக்கு வந்தேன். முதல் கட்டையிலேயே சக்கரம் திரும்பி நாற்காலி சாய்ந்தது. அது தனியாக உருண்டு பங்காளி வீட்டுச் சுவரில் போய் மோதியது. நான் பலகையில் விழுந்து, கட்டைக்குக் கட்டை இடிபட்டு, கீழே மண்ணில் வந்து கிடந்தேன். அடி பெரிதில்லை. ஆனால் வேட்டி நனைந்துவிட்டது. இருபத்தாறு வயதில் சொந்த வீட்டுப் பொடக்காணியில் நனைந்த வேட்டியோடு மண்ணில் கிடந்தேன். அழுதேன் என்று எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அழுதேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த அப்பா அப்படித்தான் என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். கிணற்றடிக்குத் தூக்கிப் போய், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோலக் கழுவிவிட்டார். "இத்தன நாளும் என்ன சாமி பண்ணுனே?" என்றார். அப்போதுதான் தண்ணீர்க் கணக்கைச் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

அன்று மாலையே கடப்பாரையை எடுத்து வந்து அவரே கட்டைகளைப் பிடுங்கினார். மறுநாள் ஆசாரி வந்ததும், "பன்னண்டடி. பக்கத்துல புடிச்சுட்டு ஏறறதுக்குப் பழைய தண்ணிப் பைப்பு ஒண்ணு வையி" என்றார் அப்பா.

ஆசாரிக்கே பொறுக்கவில்லை. "பன்னண்டுல செல்வம்..."

"அழிஞ்சா அழிஞ்சுட்டுப் போகுது."

இந்த முறை மாடு இல்லை, தேங்காய் இல்லை, எண்ணெயும் இல்லை. சக்கரம் வழுக்காமல் பலகை சொரசொரவென்றே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். முடிந்த அடுத்த நாள், யாரும் வருமுன்பே, ஒரு கையால் பைப்பை இழுத்து மறுகையால் சக்கரத்தைத் தள்ளி ஏறினேன். பாதியில் இரண்டு முறை நின்றேன். மேலே போய்ச் சேர்ந்ததும் வேலை ஒன்றும் செய்யாமல் திரும்பி இறங்கினேன். மறுபடி ஏறினேன். சந்தோஷத்தில் உள்ளங்கை எரிந்ததுகூடத் தெரியவில்லை.

எட்டு மணிக்கு அண்ணன் வந்தார். நான் மேலே உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏறிட்டியாடா?"

"ஏறிட்டனுங்ண்ணா."

"சாயங்காலம் வரட்டுமா?"

"வேண்டாங்ண்ணா, நானே எறங்கிக்குவேன்" என்றேன். அதில் கொஞ்சம் திமிர் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பைப்பை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். பிறகு காட்டுக்குப் போனார்.

ஆறு மணிக்கு வந்துவிட்டார், ஓடி வந்த மூச்சோடு. "சும்மாதாண்டா வந்தேன்" என்றார். நான் நாற்காலியைத் திருப்பி இறங்கத் தொடங்கினேன். அவர் பலகைக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு முழம் தள்ளி, பின்னுக்கு நடந்துகொண்டே வந்தார். நான் தரையைத் தொடும்வரை அவர் கைகள் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. என்னைத் தொடவில்லை.