கானாங்கோழிக்கு விட்ட நெல்

இயற்கையைக் காக்கும் விவசாயிக்கு அதற்கான விலை கிடைக்க வேண்டும் என்று டெல்லியில் பல வருடம் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு சொந்த ஊரான செஞ்சிக்கே வந்து, அதைச் செய்து பார்க்க ஒரு சிறு திட்டம் தொடங்கினேன். நெல் வயலில் கானாங்கோழி கூடு கட்டியிருந்தால், அறுவடையின்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். குஞ்சு பொரிந்தால் பணம். விதியை எழுதியவள் நான்தான்.

முதலில் சேர்ந்தவர் தளவானூர்ப் பெண் ஒருவர். என் வயதுதான். அறுப்பு மிஷின்காரரிடம் சண்டை போட்டுக் கூட்டைச் சுற்றிப் போக வைத்தார். வெட்டவெளியான வயலின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு நெல் நின்றது. அவ்வளவு போதும் என்று அளந்து கொடுத்ததும் நான்தான்.

தினமும் போன் செய்வார். முதலில் மேடம் என்றவர், நாலாம் நாள் அக்கா என்றார்.

"முட்டை ஆறு இருக்குதுக்கா. அது எழுந்து போனப்போ எட்டிப் பாத்தேன். தொடல."

ஒரு காலையில் குரல் உடைந்திருந்தது. "எல்லாம் போச்சுக்கா. கீரி பூந்துடுச்சு."

அடுத்த பஸ்ஸில் போனேன். நெல்லுக்குள் ஓடுகள் சிதறிக் கிடந்தன. பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் இன்னா தப்பு பண்ணேன்? காவல் இருந்திருக்கணுமா?"

"நீ ஒண்ணும் பண்ணல. மறைவே இல்லாம விடச் சொன்னது நான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தேற்ற வந்தவளை அவர் தேற்றிக்கொண்டிருந்தார்.

திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள், "குஞ்சே இல்லையே, எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்றார்கள். கீரிக்கு அவர் பொறுப்பல்ல, காத்திருந்ததற்குத்தான் விலை என்று வாதாடினேன். ஒப்புக்கொள்ள வைக்க ஒரு மாதம் ஆயிற்று. இனி கூட்டிலிருந்து வாய்க்கால் வரை நெல்லை அகலமாக விட வேண்டும் என்றும் விதியை மாற்றினோம்.

அடுத்த போகத்தில் அவர் வயலிலேயே மறுபடி கூடு. வாய்க்கால் ஓரம் முழுக்க அறுக்காமல் விட்டார். ஒரு மத்தியானம் போனில் கிசுகிசுத்தார்: "அக்கா, கரி மாதிரி நாலு குஞ்சு. தாய் பின்னாடியே தண்ணிக்குப் போவுது. கத்தாத, பயந்துடும்."

செஞ்சி பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவில், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன்.